சிஸ்பிளாட்டின் தண்ணீரைத் தொடும்போது: ஒரு வேதிவினையின் வேகத்தை மடிக்கணினியில் கணக்கிடுவது

ரப்பர்த் தோட்டத்துப் பால் ஸ்டோரை அறிந்தவர்களுக்கு அம்மோனியா வாடையை விளக்க வேண்டியதில்லை. மங்குகளில் இருந்து எடுத்த பால், ஆலைக்குப் போய்ச் சேரும் வரை உறையாமல் இருக்க அம்மோனியா விடுவார்கள். உறைய வேண்டிய இடத்தில் ஃபார்மிக் அமிலம் ஊற்றுவார்கள். வழியில் உறையக்கூடாது, சேர வேண்டிய இடத்தில் உறைய வேண்டும். புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் சிஸ்பிளாட்டின் மருந்துக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். இரத்தத்தில் ஓடும்போது அது மாறாமல் இருக்க வேண்டும். செல்லுக்குள் நுழைந்ததும் மாற வேண்டும். வழியில் காப்பது உப்பில் உள்ள குளோரைடு. உள்ளே மாற்றிவிடுவது வெறும் தண்ணீர்.

அந்த மாற்றத்தைக் கணினியில் எப்படிக் கணக்கிடுவது என்பதே இங்கே பொருள். சுங்கை சிப்புட், பீடோர், தாப்பா என்று எந்தத் தோட்டத்து ஊரில் இருந்தாலும், படிவம் ஆறு அல்லது மெட்ரிகுலேஷன் வரை வேதியியல் படித்தவருக்கு இது எட்டும். ஆய்வுக்கூடம் வேண்டாம், நச்சு மருந்தைத் தொட வேண்டாம். 8 ஜிபி நினைவகமுள்ள சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் கணினி எப்போதும் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதை அறிவதுதான் இந்தத் துறையின் உண்மையான வேலை. அதனால் தவறுகளுக்கே இங்கே அதிக இடம்.

பதினோரு அணுக்கள்

சிஸ்பிளாட்டின் மிகச் சிறிய மூலக்கூறு. நடுவில் ஒரு பிளாட்டினம். அதைச் சுற்றி ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் இரண்டு அம்மோனியா, இரண்டு குளோரைடு. ஒரே வகையைச் சேர்ந்தவை அடுத்தடுத்த மூலைகளில் இருந்தால் அது சிஸ்; எதிரெதிர் மூலைகளில் இருந்தால் டிரான்ஸ். மூலைகளில் ஒட்டியிருப்பவற்றைத் தமிழில் ஈனி என்கிறோம். பள்ளியில் 'லிகன்' என்று படித்தது இதைத்தான். பால் ஸ்டோரில் கண்ணை எரிக்கும் அதே அம்மோனியா, இங்கே உலோகத்தைப் பிடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சேர்மத்தை மிக்கேலே பெய்ரோனே 1845-இல் அறிவித்தார். அதன் வடிவம் சதுரம் என்று 1893-இல் சொன்னவர் ஆல்ஃபிரட் வெர்னர். அதற்கு மருத்துவ குணம் இருப்பது தெரிய இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலம் பாக்டீரியாவை என்ன செய்கிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். பாக்டீரியா பிரியாமல் நீள இழைகளாக வளர்ந்தது. காரணம் மின்சாரம் அல்ல. பிளாட்டினக் கம்பிகள் மெல்லக் கரைந்து, கரைசலில் இருந்த அம்மோனியம் குளோரைடுடன் சேர்ந்து உருவாக்கிய சேர்மங்கள். 1965-இல் அது வெளியானது. 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது.

தண்ணீர் செய்வது இது: ஒரு குளோரைடு விலக, அந்த மூலையில் ஒரு நீர் மூலக்கூறு அமர்கிறது. குளோரைடு தன் எதிர்மின்சுமையை எடுத்துக்கொண்டு போவதால், மிஞ்சும் அணைவு (உலோகமும் அதன் ஈனிகளும் சேர்ந்தது) நேர்மின்சுமை பெறுகிறது. டிஎன்ஏ எதிர்மின்சுமை கொண்டது, ஆகவே அது அங்கே இழுக்கப்படுகிறது. பிளாட்டினத்தில் இளகிய பிடியோடு இருக்கும் நீரைத் தள்ளிவிட்டு, குவானினின் ஏழாம் எண் நைட்ரஜன் ஒட்டிக்கொள்கிறது. பிறகு இரண்டாவது குளோரைடின் மூலையும் பக்கத்துக் குவானினைப் பிடிக்கிறது. டிஎன்ஏ வளைகிறது, செல் அதைப் படியெடுக்கத் தடுமாறுகிறது. தண்ணீர் வினை நடக்காவிட்டால் இந்தச் சங்கிலி பெரும்பாலும் தொடங்குவதே இல்லை.

இரத்தத்தில் குளோரைடு சுமார் 100 மில்லிமோலார். செல்லுக்குள் 4 முதல் 20 வரைதான். இந்த வினையின் சமநிலை மாறிலி சுமார் 0.003 மோலார். அதைக் குளோரைடின் செறிவால் வகுத்தால் போதும்: இரத்தத்தில் 0.003 / 0.1, அதாவது மாறாத 100 மூலக்கூறுக்கு மாறியவை 3, செல்லுக்குள் 0.003 / 0.004, அதாவது 100-க்கு 75. ஒரே மருந்து, ஒரே தண்ணீர், உப்பின் அளவு மட்டும் வேறு. கீமோ வார்டில் இந்த மருந்தை 0.9 விழுக்காடு உப்பு நீரில் ஏற்றுவதற்குக் காரணமும் இதுவே. அதில் குளோரைடு 154 மில்லிமோலார். (ரப்பர்ப் பால் உவமையை இதற்கு மேல் இழுக்க முடியாது. அம்மோனியா கிருமியைக் கொன்று காரத்தன்மையைக் கூட்டிப் பாலைக் காக்கிறது. குளோரைடு சமநிலையைப் பின்னுக்குத் தள்ளி மருந்தைக் காக்கிறது.)

கணக்கிடுவது ஒரு கணவாயின் உயரத்தை

சமநிலை எங்கே நிற்கும் என்பது ஒரு கேள்வி. அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு கேள்வி, கணினிக்குக் கடினமானதும் அதுதான்.

பேராக்கில் இருந்து தீத்திவங்சா மலைத்தொடரைக் கடந்து கிழக்கே போக வேண்டும் என்றால் யாரும் சிகரத்தில் ஏறி இறங்குவதில்லை. இரண்டு சிகரங்களுக்கு இடையே தாழ்ந்திருக்கும் கணவாயைத் தேடுவார்கள். அந்த இடத்தில் நின்றால் முன்னும் பின்னும் இறக்கம், இடமும் வலமும் ஏற்றம். வேதிவினையில் அப்படிப்பட்ட இடத்துக்கு மாறுநிலை என்று பெயர். தொடக்கத்துக்கும் மாறுநிலைக்கும் உள்ள கட்டிலா ஆற்றல் வேறுபாடே தடையின் உயரம்.

சிஸ்பிளாட்டினில் அந்தக் கணவாயின் வடிவம் நன்றாகத் தெரிந்ததே. சதுரத்தின் மேலும் கீழும் இடம் காலியாக இருப்பதால் நீர் அந்தப் பக்கமாக வருகிறது. குளோரைடு முழுதாகப் போன பிறகு நீர் வருவதில்லை. ஒன்று நுழைய, மற்றொன்று விலக, ஒரு கணம் பிளாட்டினத்தைச் சுற்றி ஐந்து பேர். வடிவம் முக்கோண இருகூம்பு. நுழையும் நீர், விலகும் குளோரைடு, குளோரைடுக்கு எதிர்மூலையில் இருந்த அம்மோனியா ஆகிய மூன்றும் நடுத் தளத்தில் நிற்கும்.

உயரத்தில் இருந்து வேகத்துக்குப் போக ஐரிங் சமன்பாடு இருக்கிறது. 37 டிகிரியில் அது தரும் எண்களைப் பாருங்கள். தடை மோலுக்கு 20 கிலோகலோரி என்றால் பாதி மருந்து மாற 13 வினாடி. 22 என்றால் ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. 24 என்றால் சுமார் 2.4 மணி நேரம். 26 என்றால் 62 மணி நேரம். சோதனையில் அளந்த வேக மாறிலி உடல் வெப்பநிலையில் வினாடிக்கு ஏறக்குறைய 0.0001, பாதி மாற சுமார் இரண்டு மணி நேரம், தடை 24-க்கு ஒட்டி.

இந்த வரிசையை மனப்பாடம் செய்வது நல்லது. ஒரு கிலோகலோரி பிசகினால் வேகம் ஐந்து மடங்கு பிசகும். மூன்று பிசகினால் 130 மடங்கு: இரண்டு மணி நேர வினை ஒரு நிமிடத்தில் முடிவதாகவோ, பத்து நாள் இழுப்பதாகவோ கணினி சொல்லும். இந்த மூலக்கூறுக்கு எளிய முறைகளில் மூன்று கிலோகலோரி பிசகு வெகு சாதாரணம்.

எதை வைத்துக் கணக்கிடுவது

மென்பொருளுக்கு ஓர்கா போதும். ஜெர்மனியில் ஃபிராங்க் நேசேயின் குழு உருவாக்கியது. கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம், பதிவு செய்துகொள்ள வேண்டும். வரைவதற்கு அவகாட்ரோ, அதுவும் இலவசம். காசியன் பல ஆய்வுக்குழுக்கள் பயன்படுத்துவது, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும்.

முறை, அடர்த்திச் சார்புக் கோட்பாடு. துறையில் டிஎஃப்டி என்றே சொல்வார்கள். ஒவ்வோர் எலெக்ட்ரானையும் தனித்தனியே பின்தொடராமல், இடத்துக்கு இடம் எலெக்ட்ரான் எவ்வளவு அடர்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு ஆற்றலைக் கணக்கிடும் வழி அது. அதில் பல சூத்திர வகைகள் உண்டு. பழைய கட்டுரைகளில் பி3எல்ஒய்பி அதிகம் தென்படும். தொடங்குபவருக்கு எங்கள் பரிந்துரை பிபிஈ0, அதனோடு டி3பிஜே என்ற, மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பைச் சேர்க்கும் திருத்தம். உலோக அணைவுகளின் பிணைப்பு நீளத்தை பிபிஈ0 நன்றாகத் தருகிறது.

பிளாட்டினத்துக்குத் தனிக் கவனிப்பு வேண்டும். அணு எண் 78. அவ்வளவு கனமான கருவுக்கு அருகில் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தோடு ஒப்பிடத்தக்க வேகத்தில் ஓடுகின்றன. சார்பியல் விளைவை விட்டுவிட்டால் பிணைப்பு நீளமே தவறிப்போகும். தங்கம் மஞ்சளாக இருப்பதற்கும் இதே விளைவுதான் காரணம். உள்ளே இருக்கும் 60 எலெக்ட்ரான்களை நீக்கி, அவற்றின் விளைவைச் சார்பியலோடு சேர்த்து ஒரு சூத்திரமாக வைத்துவிடுவது வழக்கம். அதன் பெயர் ஈசிபி. ஓர்காவில் டெஃப்2 குடும்ப அடிப்படைக் கணத்தை (எலெக்ட்ரான் பரவலை விவரிக்கும் சார்புகளின் தொகுப்பை) கேட்டால் பிளாட்டினத்துக்கு ஈசிபி தானாகவே வந்துவிடும். ஒரு சிஸ்பிளாட்டினும் ஒரு நீரும் சேர்ந்தால் 14 அணுக்கள், 142 எலெக்ட்ரான்கள். ஈசிபி போட்ட பிறகு மிஞ்சுவது 82. வீட்டுக் கணினி தாங்கும் அளவு.

செய்முறை

முதலில் சிஸ்பிளாட்டினை வரையுங்கள். வரையும் மென்பொருளின் விரைவுச் சீரமைப்பு சில நேரம் சதுரத்தை நான்முகியாக வளைத்துவிடும். நான்கு ஈனிகளும் பிளாட்டினமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா, கோணங்கள் 90 டிகிரிக்கு அருகில் உள்ளனவா என்று கண்ணால் பாருங்கள். மின்சுமை 0, சுழல் பன்மை 1 (எல்லா எலெக்ட்ரான்களும் ஜோடி சேர்ந்திருப்பதால்). அருகே, குளோரைடு பக்கமாக, 3.6 ஆங்ஸ்ட்ரம் தூரத்தில் ஒரு நீரை வையுங்கள்.

பிபிஈ0, டி3பிஜே, டெஃப்2-எஸ்விபி, தண்ணீருக்கான சிபிசிஎம் ஆகியவற்றைக் கொடுத்து வடிவத்தைச் சீராக்குங்கள். சிபிசிஎம் என்பது மூலக்கூறைச் சுற்றி உண்மையான நீருக்குப் பதில், நீரின் மின்காப்பு மாறிலி கொண்ட ஊடகத்தை வைக்கும் மாதிரி. சீரானதும் பிளாட்டினம்–குளோரின் தூரம் 2.3-க்கும் 2.4-க்கும் இடையே வர வேண்டும். படிகத்தில் அளந்தது சுமார் 2.33. பிளாட்டினம்–நைட்ரஜன் 2.0-க்குச் சற்று மேல். இங்கேயே பிசகினால் மேலே போக வேண்டாம்.

அடுத்து ஸ்கேன். பிளாட்டினம்–ஆக்சிஜன் தூரத்தை 3.6-இல் இருந்து 2.1 வரை 0.1 வீதம் குறைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் மற்ற அனைத்தையும் சீராக்கவிடுங்கள்; 16 புள்ளிகள். ஆற்றல் ஏறி, ஓரிடத்தில் இறங்கத் தொடங்கும். அந்த உச்சப் புள்ளியின் வடிவம்தான் மாறுநிலைத் தேடலுக்கான தொடக்கம். அங்கே பிளாட்டினம்–ஆக்சிஜன் 2.4 அருகிலும், பிளாட்டினம்–குளோரின் 2.7 அல்லது 2.8 அருகிலும், அவற்றுக்கு இடையே கோணம் 70 டிகிரி அருகிலும் இருந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

அதை, மாறுநிலையைத் தேடும் ஆப்ட்டிஎஸ் கட்டளைக்குக் கொடுக்கும்போது, முதலில் ஹெசியன் அணியை (ஆற்றல் ஒவ்வொரு திசையிலும் எப்படி வளைகிறது என்று காட்டும் எண் அட்டவணையை) கணக்கிடச் சொல்லுங்கள். நேரம் கூடுதலாகும். ஆனால் அது இல்லாமல் கணினிக்கு எந்தத் திசை ஏற்றம், எது இறக்கம் என்று தெரியாது. பெரும்பாலும் பள்ளத்தாக்கில் உருண்டுவிடும். மாலை இடிமழையில் மின்சாரம் நின்று மேசைக்கணினி அணைந்தால் பதற வேண்டாம். ஹெசியன் கோப்பு ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் அதைப் படிக்கச் சொல்லி விட்ட இடத்தில் இருந்து தொடரலாம்.

முடிந்ததும் அதிர்வெண்களைப் பாருங்கள். மாறுநிலையில் ஒரே ஒரு கற்பனை அதிர்வெண் இருக்க வேண்டும். ஓர்கா அதை எதிர்க்குறியோடு அச்சிடும். அந்த அதிர்வை அசைவூட்டிப் பார்த்தால் நீர் உள்ளே வர, குளோரைடு வெளியே போக வேண்டும். அம்மோனியாவின் ஹைட்ரஜன்கள் மட்டும் சுழன்றால், நீங்கள் பிடித்தது வேறு ஏதோ ஒரு மேடு. இரண்டு கற்பனை அதிர்வெண்கள் வந்தால் அது கணவாய் அல்ல, சிகரத்தின் தோள். பிறகு ஐஆர்சி (மாறுநிலையில் இருந்து இரு பக்கமும் இறங்கும் பாதையைத் தொடரும் கணக்கு) ஓட்டி, ஒரு பக்கம் சிஸ்பிளாட்டினும் நீருமாக, மறு பக்கம் நீர் ஒட்டிய அணைவும் குளோரைடுமாக இறங்குகிறதா என்று உறுதி செய்யுங்கள். இந்தச் சோதனையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்காதீர்கள்.

கடைசியாக, கிடைத்த வடிவங்களை அசைக்காமல் டெஃப்2-டிஇசட்விபிடி என்ற பெரிய கணத்தில் ஆற்றலை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். பெயரின் கடைசி 'டி' விரிந்து பரவும் சார்புகளைக் குறிக்கும். விலகும் குளோரைடு எதிர்மின்சுமையோடு பருத்து நிற்பதால் அதற்கு இவை தேவை.

எங்கே தவறு நேர்கிறது

மிகச் சிறிய தவறில் இருந்து தொடங்கலாம். ஆற்றல் ஹார்ட்ரீ என்ற அலகில் வரும். ஒரு ஹார்ட்ரீ 627.5 கிலோகலோரி. ஆகவே ஒரு கிலோகலோரி என்பது 0.0016 ஹார்ட்ரீதான். மூன்று தசம இடத்தோடு நோட்டில் எழுதி வைத்தால் கணக்கு அங்கேயே போய்விடும். அச்சான எல்லா இலக்கங்களையும் எடுங்கள்.

எல்லா வடிவங்களுக்கும் ஒரே முறை, ஒரே கணம், ஒரே கரைப்பான் மாதிரி. தொடக்கத்தை ஒரு கணத்திலும் மாறுநிலையை வேறொன்றிலும் போட்டுக் கழித்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வெப்பநிலையையும் கவனியுங்கள்: மென்பொருள் தானாக எடுப்பது 298.15 கெல்வின், உடலுக்கு வேண்டியது 310.15.

கரைப்பானை விட்டுவிட்டு வெற்றிடத்தில் கணக்கிடுவது அடுத்தது. மின்சுமையற்ற இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு நேர் அயனியும் ஓர் எதிர் அயனியும் பிறக்கும் வினை இது. வெற்றிடத்தில் அந்த இரண்டையும் பிரித்து வைக்க 100 கிலோகலோரிக்கும் மேல் வேண்டும். நீரில் நடக்கும் உண்மையான வினைக்கு, மேலே சொன்ன 0.003 என்ற மாறிலியில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய மூன்றரைதான். அயனிகளை நீர் சூழ்ந்து தாங்குவதால் வரும் வித்தியாசம் அது. சிபிசிஎம் அதில் பெரும்பகுதியைப் பிடிக்கும், முழுவதையும் அல்ல. விலகும் குளோரைடை அருகிலுள்ள நீர் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடிப்பதை ஊடகம் காட்டாது. இரண்டு, மூன்று உண்மையான நீர் மூலக்கூறுகளைச் சேர்த்தால் நிலைமை மேம்படலாம். ஆனால் அவற்றை எத்தனையோ விதமாக வைக்கலாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு தடை வரும். தாழ்ந்த சில அமைப்புகளையாவது தேடாமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது நேர்மையான கணக்கு அல்ல.

இனி வருவதுதான் பலரும் வழுக்கும் இடம். நீரையும் சிஸ்பிளாட்டினையும் தனித்தனியே வைத்துத் தடையைக் கழித்தால், மென்பொருள் ஒவ்வொன்றையும் 1 வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுவாக எண்ணிக்கொள்கிறது. கரைசலின் 1 மோலாருக்கு மாற்ற, உடல் வெப்பநிலையில் 2.0 கிலோகலோரி கழிக்க வேண்டும். நீர் 1 மோலார் அல்ல, 55.5 மோலார், அதற்கு இன்னும் 2.5. மொத்தம் 4.5. இதைச் செய்யாமல் சோதனை எண்ணோடு ஒப்பிட்டால் வேகம் ஆயிரம் மடங்குக்கும் மேல் குறைவாகத் தெரியும், பழி டிஎஃப்டி மேல் விழும். மாறாக, இரண்டும் ஏற்கெனவே ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிய இணையில் இருந்து தடையை அளந்தால் இந்தத் திருத்தம் கூடாது. எதில் இருந்து அளந்தீர்கள் என்று எழுதாத தடை எண்ணை யாரும் சரிபார்க்க முடியாது.

இன்னொன்று, தாழ்ந்த அதிர்வெண்கள். தளர்வாக ஆடும் நீரின் அசைவுகள் 100 அலையெண்ணுக்குக் கீழே விழும். அவற்றைச் சரியான ஸ்பிரிங் போலக் கருதினால் எண்ட்ரோப்பி மிகையாகிவிடும். ஓர்கா இதைத் தானே ஓரளவு திருத்துகிறது. வேறு மென்பொருளில் நீங்களே செய்ய வேண்டியிருக்கலாம்.

பி3எல்ஒய்பியில் வெறும் வெற்றிடக் கணக்கு செய்து, திருத்தங்கள் எதுவும் இல்லாமல், அச்சாக 24 வந்தால் மகிழ வேண்டாம். இரண்டு தவறுகள் எதிரெதிராக விழுந்து ஒன்றையொன்று மறைத்திருக்கலாம். முறையை மாற்றி, கணத்தைப் பெரிதாக்கி, விடை நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் அது விடை.

அடுத்து எதைப் போட்டுப் பார்க்கலாம்

இதே குடும்பத்துப் புற்றுநோய் மருந்தான கார்போபிளாட்டின் சிஸ்பிளாட்டினை விட மிக மெதுவாக நீருடன் வினைபுரியும். இரண்டு குளோரைடுக்குப் பதில், இரு முனையிலும் பிடித்திருக்கும் ஒரே ஈனி. நீர் ஒரு முனையைக் கழற்றினாலும் மறுமுனை பிடித்திருப்பதால், கழன்ற முனை திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளும். கழன்ற முனை நீரின் புரோட்டானை எடுத்துக்கொள்கிறதா என்பதையும் கவனிக்க வேண்டியிருப்பதால் இது முதல் பயிற்சிக்கு ஏற்றதல்ல. இதே குடும்பத்தின் இன்னொரு மருந்தான ஆக்சலிபிளாட்டினைக் குளோரைடே தாக்கி மாற்றிவிடும். அதனால் அதை உப்பு நீரில் அல்லாமல் 5 விழுக்காடு டெக்ஸ்ட்ரோஸில் ஏற்றுகிறார்கள். அங்கே உள்ளே நுழைவது எதிர் அயனி என்பதால் ஊடக மாதிரியின் பிசகு இன்னும் பெரிது.

நல்ல இரண்டாவது பயிற்சி டிரான்ஸ்பிளாட்டின். அணுக்கள் அதே பதினொன்று, செய்முறை அதே. குளோரைடுக்கு எதிரே குளோரைடு இருக்கிறது. எதிர்மூலையில் இருப்பதைத் தளரச் செய்வதில் குளோரைடு அம்மோனியாவை விட வல்லது. அதனால் முதல் குளோரைடு சிஸ்பிளாட்டினை விடச் சில மடங்கு வேகமாக விலகும் என்று சோதனை சொல்கிறது. தடையில் அது ஒரு கிலோகலோரிக்குச் சற்றுக் குறைவான வித்தியாசம். தனித்தனித் தடைகள் இரண்டும் மூன்று கிலோகலோரி பிசகியிருந்தாலும், ஒரே வகைப் பிசகு இரண்டிலும் இருப்பதால் கழிக்கும்போது பெரும்பகுதி அடிபட்டுப் போகும். உங்கள் கணக்கில் டிரான்ஸ் மெதுவானதாக வந்தால், முறையை மாற்றுவதற்கு முன் இரண்டு மாறுநிலைகளிலும் நீரின் ஹைட்ரஜன்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பாருங்கள். ஒன்றில் விலகும் குளோரைடை நோக்கியும் மற்றொன்றில் விலகியும் இருந்தால், நீங்கள் ஒப்பிட்டது ஒரே கணவாயை அல்ல. நீரைச் சுழற்றி வைத்து அந்த ஒன்றை மறுபடி தேடுங்கள்.